ஒரு மெட்டு திரும்பி வரும்போது: ஆபெராவிலும் நாவலிலும் இசைத் தீம்களைப் பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் ‘டீ வால்க்யூரே’ ஆபெராவின் முதல் அங்கத்தில் ஜீக்லிண்டே தன் கல்யாணக் கதையைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அவள் விரும்பாத கல்யாணம். கணவன் ஹூண்டிங்கின் உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள், அப்போது சாம்பல் நிற உடையில் ஒரு கிழவர் உள்ளே வருகிறார், தொப்பி ஒரு கண்ணை மறைக்கும் அளவுக்கு இறங்கியிருக்கிறது, இன்னொரு கண்ணின் பார்வையைக் கண்டு ஆண்கள் அத்தனை பேரும் நடுங்குகிறார்கள், அவளுக்கு மட்டும் அழுகையும் ஆறுதலும் சேர்ந்து வருகிறது. வந்தவர் ஒரு வாளை மரத்தில் கைப்பிடி வரைக்கும் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். அவர் தன் அப்பாதான் என்று அவள் உள்ளுக்குள் புரிந்துகொள்கிறாள். ஆனால் அந்த அப்பா தெய்வங்களுக்கெல்லாம் தலைவனான வோட்டான் என்பது அவளுக்குத் தெரியாது, விருந்தாளியாக வந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஜீக்முண்டுக்கும் தெரியாது. அதைச் சொல்வது ஆர்கெஸ்ட்ரா. அவள் குரலுக்கு அடியில், முந்தைய ஆபெராவில் வோட்டானின் கோட்டை கண்ணுக்குத் தெரிந்தபோது ஒலித்த அதே மெட்டு மெதுவாக வருகிறது. மேடையில் இருக்கும் ஒருவருக்கும் தெரியாத விஷயம் அரங்கில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

லைட்மோட்டிஃப் என்று சொல்லப்படும் உத்தியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நம் சினிமாவில் ஹீரோ வந்தால் ஒலிக்கும் தீம் மியூசிக்கைக் கேட்டுப் பழகிய காது, ‘ஆள் வந்தால் மெட்டு வரும்’ என்றே இதையும் எடுத்துக்கொள்ளும். அது பாதிதான் சரி. நல்ல ஆபெராவில், நல்ல நாவலில், திரும்பி வரும் மெட்டு ஒரு ஆளின் பெயர்ப்பலகை அல்ல. அது ஒரு நினைவு. முதன்முதலில் அது ஒலித்தபோது என்ன நடந்ததோ அதைச் சுமந்துகொண்டு இன்னொரு தருணத்துக்குள் வருகிறது. அந்தப் பழைய தருணத்துக்கும் இந்தப் புதிய தருணத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தில்தான் அர்த்தம் பிறக்கிறது. அதைப் பிடிக்கப் பழகுவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்லப் பார்க்கிறேன். நோட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டாம். ஒரு மெட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

கொஞ்சம் வரலாறு

வாக்னர் இதை ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கவில்லை. 1821-இல் பெர்லினில் அரங்கேறிய வேபரின் ‘டெர் ஃப்ரைஷூட்ஸ்’ ஆபெராவில் ஸாமியேல் என்ற கெட்ட சக்தி வரும்போதெல்லாம் ஒரே இருண்ட கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) நடுங்கிக்கொண்டு ஒலிக்கும். 1830-இல் பாரிஸில் பெர்லியோஸ் தன் ‘ஸிம்ஃபனி ஃபன்டாஸ்டிக்’ படைப்பில் காதலிக்கென்று ஒரு மெட்டைக் கொடுத்து ஐந்து பகுதிகளிலும் அதை அலைய விட்டார். கடைசிப் பகுதியில், சூனியக்காரிகளின் கூட்டத்தில், அதே மெட்டு சின்ன கிளாரினெட்டில் கோணலாகக் குதித்து வரும்போது காதல் என்ன ஆனது என்று விளக்க ஆள் தேவைப்படாது. வாக்னர் செய்தது இந்த விதையை எடுத்து ஒரு முழுக் காடாக வளர்த்தது. ‘ரிங்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நான்கு ஆபெராக்களை 1848-இல் தொடங்கி 1874-இல் முடித்தார். நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 15 மணி நேரம். 1876 ஆகஸ்டில் பைராய்ட் நகரில் இதற்கென்றே கட்டிய அரங்கில் முழுத் தொடரும் முதன்முறையாக நடந்தது. அந்த அரங்கில் ஆர்கெஸ்ட்ரா மேடைக்குக் கீழே மறைவான குழியில் இருக்கும், பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு வாத்தியமும் தெரியாது. கதை சொல்லும் குரலாக ஆர்கெஸ்ட்ராவை நினைத்த மனிதர் அதை இப்படித்தானே மறைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

முதல் படி: வாக்னரில் தொடங்காதீர்கள்

நேரே 15 மணி நேரத்துக்குள் குதித்தால் தீம்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். வெர்டியின் ‘லா ட்ராவியாட்டா’வில் தொடங்குங்கள். 1853-இல் வெனிஸில் அரங்கேறியது, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், பின்தொடர வேண்டிய மெட்டு ஒன்றே ஒன்று. பாட்டு வரிகளின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மெட்டு வரும் ஒவ்வொரு இடத்திலும் யார் வாயில், அல்லது எந்த வாத்தியத்தில் வருகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டே போங்கள்.

முதல் அங்கம், விருந்து நடக்கிற வீடு. ஆல்ஃப்ரெடோ வியோலெட்டாவிடம் தன் காதலைச் சொல்கிறான். பிரபஞ்சம் முழுவதும் துடிக்கிற துடிப்பு இந்தக் காதல், மர்மமானது, நெஞ்சுக்கு வேதனையும் இன்பமுமானது என்று ஒரு அகலமான, மேலிருந்து மெல்ல இறங்கும் மெட்டில் பாடுகிறான். அவள் அதற்குப் பதில் சொல்லும்போது அந்த மெட்டைத் தொடுவதே இல்லை. சின்னச் சின்ன சுரங்களாகத் துள்ளி, என்னை மறந்துவிடு என்கிற மாதிரி நழுவுகிறாள். விருந்தாளிகள் போனதும் தனியாக நிற்கிறாள். ‘விசித்திரமாக இருக்கிறதே’ என்று தொடங்கி யோசித்து யோசித்து, கடைசியில் அவனுடைய வரிகளையே அவனுடைய மெட்டிலேயே பாடுகிறாள். மனதுக்குள் கதவு திறந்துவிட்டது என்று அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் மெட்டு குடியேறிவிட்டது. உடனே உதறிவிட்டு, நான் எப்போதும் சுதந்திரமாகவே இருப்பேன் என்று வேகமாகப் பாடும்போது வெளியே பால்கனிக்குக் கீழிருந்து அவன் குரலில் அதே மெட்டு மறுபடியும் வருகிறது.

கடைசி அங்கத்துக்கு வாருங்கள். காசநோய் முற்றி அவள் படுக்கையில் கிடக்கிறாள். ஆல்ஃப்ரெடோவின் அப்பா எழுதிய கடிதத்தை எடுத்துப் படிக்கிறாள். உங்கள் தியாகத்தை மகனிடம் சொல்லிவிட்டேன், அவன் மன்னிப்புக் கேட்க வருவான் என்ற கடிதம். அவள் அதைப் பாடவில்லை, வெறுமனே பேசுகிறாள். பாட்டாலேயே ஆன ஒரு உலகத்தில் ஒரு பெண் பேச ஆரம்பிப்பதே உலுக்குகிறது. அடியில் வயலின்கள் அந்த முதல் அங்கத்து மெட்டை மிக மெல்லிதாக வாசிக்கின்றன. படித்து முடித்ததும் ‘காலம் கடந்துவிட்டது’ என்கிறாள். இறுதியில் சாகும் கணத்தில் மறுபடியும் அது வயலின்களில் வருகிறது. வலி நின்றுவிட்டது, விசித்திரம், நான் மறுபடி பிழைக்கிறேன் என்று எழுந்து நின்று, விழுந்துவிடுகிறாள். முதல் அங்கத்தில் தனியாக யோசிக்கத் தொடங்கியபோது சொன்ன அதே ‘விசித்திரம்’.

இப்போது உங்கள் குறிப்பைப் பாருங்கள். அவன் குரல், அவள் குரல், வெளியிலிருந்து அவன் குரல், பிறகு வாத்தியம் மட்டும். மெட்டு மனிதர்களின் தொண்டையை விட்டு வெளியேறிவிட்டது, பாடுவதற்கு அவளிடம் மூச்சு இல்லை. இந்த ஒரு விஷயத்தை நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் இதன் விரிவுதான்.

இரண்டாம் படி: மெட்டு பிறந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பெயரை அல்ல

‘ரிங்’ பற்றிய எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் தீம்களின் பட்டியல் இருக்கும்: வாள், ஈட்டி, மோதிரம், வால்ஹால், விதி, காதலைத் துறத்தல் என்று. இந்த வழக்கத்தை ஹான்ஸ் ஃபோன் வோல்சோகன் 1876-இல், முதல் பைராய்ட் விழா நடந்த அதே வருஷம், தன் வழிகாட்டியால் நிலைநிறுத்தினார். பட்டியல் உதவும், நான் மறுக்கவில்லை. ஆனால் முதலிலேயே அதை மனப்பாடம் செய்தால் காது வேலை செய்வதை நிறுத்திவிடும். ‘இதோ வாள், இதோ ஈட்டி’ என்று அடையாளம் கண்டவுடன் மனம் திருப்தியடைந்துவிடும். வாக்னரும் 1879-இல் எழுதிய ஒரு கட்டுரையில், தன் இளம் நண்பர் ஒருவர் இந்தத் தீம்களின் நாடகப் பொருளைப் பார்த்த அளவுக்கு இசைக் கட்டுமானத்தில் அவை செய்யும் வேலையைப் பார்க்கவில்லை என்று குறைப்பட்டார்.

பெயர் எப்படிக் காலை வாரும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். ‘ரிங்’கின் முதல் ஆபெராவான ‘தாஸ் ரைன்கோல்ட்’ முதல் காட்சியில், ரைன் நதியின் பெண்களில் ஒருத்தியான வோக்லிண்டே, காதலின் வல்லமையைத் துறப்பவனால் மட்டுமே இந்தத் தங்கத்தை மோதிரமாக்க முடியும் என்று மைனர் என்னும் சோகமான சுர அமைப்பில் ஒரு மெட்டைப் பாடுகிறாள். பட்டியல்காரர்கள் அதற்குக் ‘காதலைத் துறத்தல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சரி. அடுத்த ஆபெராவில் ஜீக்முண்ட் மரத்திலிருந்து வாளை உருவப் போகிறான், ஜீக்லிண்டே மீதுள்ள காதல் உச்சத்தில் இருக்கிறது, மிகப் புனிதமான காதலின் தேவை என்று பாடுகிறான், பாடுவது அதே மெட்டில்! துறத்தல் எங்கே வந்தது? இதை வைத்து எத்தனையோ பேர் எழுதித் தீர்த்திருக்கிறார்கள். சிலர் வாக்னர் தவறிவிட்டார் என்றே சொன்னார்கள்.

பெயரை எடுத்துவிட்டு, பிறந்த இடத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். ‘காதல் விஷயத்தில் திரும்பப் பெற முடியாத ஒரு முடிவு எடுக்கப்படும் தருணம்’ என்று உங்கள் நோட்டில் எழுதியிருந்தால் முடிச்சு தானாக அவிழ்கிறது. அந்தத் தங்கத்தைத் திருடும் குள்ளன் ஆல்பெரிக் அதிகாரத்துக்காகக் காதலை விட்டான், ஜீக்முண்ட் காதலுக்காக எல்லாவற்றையும் விடப் போகிறான். ஒரே வாசல், எதிரெதிர் திசை. இந்த முடிவு அவனைச் சாவில் கொண்டுபோய் விடும் என்பதையும் அந்த மைனர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதனால், ஒரு தீம் முதன்முதலில் காதில் விழுந்ததும் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், மேடையில் என்ன தெரிந்தது என்று ஒரு முழு வரியாகக் குறித்துவையுங்கள்.

சில தீம்கள் வார்த்தை இல்லாமலே பிறக்கும், அவற்றை விசேஷமாகக் கவனியுங்கள். ‘ரைன்கோல்ட்’ முடிவில் வோட்டான் புதுக் கோட்டைக்குள் நுழையுமுன் ஒரு பெரிய எண்ணம் தோன்றியவனைப் போல நிற்கிறான், ட்ரம்பெட்டில் ஒரு மெட்டு பளிச்சென்று மேலேறுகிறது. என்ன எண்ணம் என்று அவன் பாடும் வரிகளில் இல்லை. அடுத்த ஆபெராவில் ஜீக்முண்ட் இருட்டில் ஆயுதமில்லாமல் உட்கார்ந்து, அப்பா வாக்களித்த வாள் எங்கே என்று கேட்கும்போது, அடுப்பு நெருப்பின் ஒளி மரத்தில் பதிந்திருக்கும் கைப்பிடியில் பட்டு மின்னுகிறது. அதே ட்ரம்பெட் மெட்டு. அன்று வோட்டான் நினைத்தது இதைத்தான் என்று அப்போதுதான் தெரிகிறது. பின்னோக்கி அர்த்தம் கொடுப்பது இசையால் இவ்வளவு லேசாக முடிகிறது என்பதில் எனக்கு ஆச்சரியம் தீரவே இல்லை.

மூன்றாம் படி: திரும்பி வரும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

மெட்டு அடையாளம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி: இது யாருக்குத் தெரியும்? பாத்திரத்துக்குத் தெரியுமா, ஆர்கெஸ்ட்ராவுக்கு மட்டும்தானா? ஜீக்லிண்டே காட்சியில் பார்த்தோம்.

அடுத்து, என்ன மாறியிருக்கிறது? வாத்தியம், வேகம், மேஜரா மைனரா, மெட்டு முழுதாக வருகிறதா நடுவில் அறுந்துபோகிறதா. அறுந்துபோவதற்கு நான் அறிந்தவற்றில் மிகச் சிறந்த இடம் வெர்டியின் ‘ஒதெல்லோ’, மிலானில் 1887-இல் அரங்கேறியது. முதல் அங்கத்தின் முடிவில், புயல் ஓய்ந்த இரவில், ஒதெல்லோ டெஸ்டெமோனாவிடம் ஒரு முத்தம், இன்னும் ஒரு முத்தம் என்று கேட்கிறான். ஆர்கெஸ்ட்ராவில் ஏறி ஏறிப் பொங்கும் ஒரு தீம். பிறகு இரண்டு அங்கங்கள் முழுக்க அது வருவதே இல்லை. இந்த அடக்கம்தான் வெர்டியின் மேதைமை. சந்தேகம் வளர்கிறது, அவமானப்படுத்துகிறான், அடிக்கிறான், அந்த மெட்டு மட்டும் எங்கேயும் இல்லை. நான்காம் அங்கத்தில் கொலை செய்ய அறைக்குள் வந்து, தூங்கும் மனைவியைப் பார்த்து நிற்கும்போது வருகிறது. கொன்ற பிறகு, உண்மை தெரிந்து, தன்னையே குத்திக்கொண்டு, அவள் உடலை நோக்கி நகரும்போது கடைசியாக வருகிறது. ஒரு முத்தம், இன்னொரு முத்தம் என்று அதே வரிகள். மூன்றாவது முறை சொல்ல வந்த ‘முத்தம்’ என்ற சொல்லின் கடைசி அசை வாயிலிருந்து வருவதற்குள் உயிர் போய்விடுகிறது. ஆர்கெஸ்ட்ராதான் மிச்சத்தை முடித்து வைக்கிறது. மொத்த ஆபெராவிலும் மூன்றே முறை. தீம்களின் எண்ணிக்கையோ அவை திரும்பும் எண்ணிக்கையோ ஆழத்துக்கு அளவுகோல் அல்ல என்று யாராவது வாதாடினால் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் கடினம்: இந்த மெட்டுக்கு இங்கே வர உரிமை இருக்கிறதா? புச்சினியின் ‘டோஸ்கா’ (ரோம், 1900) திரை விலகும் முன்பே போலீஸ் தலைவன் ஸ்கார்பியாவின் மூன்று பயங்கரமான கார்டுகளோடு தொடங்குகிறது, அவன் இன்னும் மேடைக்கே வரவில்லை, ஆனால் ரோம் நகரமே அவன் பிடியில் என்று தெரிந்துவிடுகிறது. அது அபாரம். முடிவில் நாயகி டோஸ்கா கோட்டை மதிலிலிருந்து குதிக்கும்போது ஒலிப்பது, சாவுக்கு முன் அவள் காதலன் கவரடோஸி நட்சத்திரங்களை நினைத்துப் பாடிய பாட்டின் மெட்டு. அதை அவன் பாடியபோது டோஸ்கா அங்கே இல்லை. அவளுடைய கடைசிச் சொற்களோ ஸ்கார்பியாவைக் கடவுள் முன் சந்திப்போம் என்று கூப்பிடுபவை. அப்படியிருக்க, இந்த மெட்டு யாருடைய நினைவு? இது வெறும் உணர்ச்சிக் கொந்தளிப்பு என்று குறை சொல்லும் விமர்சகர்கள் உண்டு. கேட்கும்போது உடம்பு சிலிர்ப்பது உண்மை, ஆனால் அர்த்தம் என்று கேட்டால் நானும் அவர்கள் பக்கம்தான். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், அதுதான் முக்கியம்.

நான்காம் படி: மெட்டுகளின் ரத்த உறவு

இந்த இடத்தில்தான் வாக்னர் மற்ற எல்லாரையும் விட்டு விலகி எங்கோ போய்விடுகிறார், அதனால் இங்கே கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.

‘ரைன்கோல்ட்’ முதல் காட்சி முடிகிறது. ஆல்பெரிக் தங்கத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான், நதி இருண்டுவிட்டது. மோதிரத்தின் தீம் வருகிறது: படிப்படியாகக் கீழே இறங்கி, அதே வழியில் மேலே ஏறி, எங்கேயும் கால் ஊன்றாமல் சுற்றும் ஒரு மெட்டு. கேட்டாலே அமைதியில்லை. அது திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மென்மையாக, ஹார்ன்களில் கரைந்துகொண்டே. மேடையில் இருள் பனியாகி, பனி விலகி, மலையுச்சியில் விடியற்காலை தெரிகிறது. எந்த இடத்தில் என்று பிடிக்கவே முடியாதபடி மெட்டு இப்போது வேறொன்றாகிவிட்டது. கம்பீரமான மேஜரில், கனமான பித்தளை வாத்தியங்களில், தெய்வங்களின் கோட்டையான வால்ஹாலின் தீம். வடிவத்தைப் பாருங்கள், அதே இறக்கம், அதே ஏற்றம். திருடனின் மோதிரமும் கடவுளின் கோட்டையும் ஒரே மெட்டின் இரண்டு முகங்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது அதிகார ஆசை. இந்த ஒரு நிமிஷ இடைவேளை இசை சொல்வதை வோட்டான் தன் வாயால் ஒத்துக்கொள்ள மூன்றாவது ஆபெரா வரை ஆகிறது, ‘ஜீக்ஃப்ரீட்’ முதல் அங்கத்தில் தன்னை ‘ஒளி ஆல்பெரிக்’ என்று சொல்லிக்கொள்ளும்போது.

இதே ‘ரைன்கோல்ட்’ ஒற்றைக் கார்டின் மேல் எழும் 136 பார் (தாளச் சுற்று) நீளமுள்ள முன்னிசையோடு தொடங்குகிறதல்லவா, நதியின் அடியிலிருந்து மேலே மேலே ஏறும் சுரங்கள். நான்காம் காட்சியில் பூமித்தாய் எர்டா தரையிலிருந்து எழும்போது அதே ஏறும் மெட்டு மைனரில், மெதுவாக வருகிறது. இருப்பவை எல்லாம் முடியும் என்று அவள் எச்சரிக்கும்போது அந்த மெட்டு அப்படியே தலைகீழாகி இறங்குகிறது. அந்த இறக்கம்தான் தெய்வங்களின் அந்திமத்தைக் குறிக்கும் தீம். பிறப்பும் முடிவும் ஒரே மெட்டு ஏறுவதும் இறங்குவதும்.

இந்த உறவுகளைப் பிடிக்க ஒரு எளிய வழி: சந்தேகம் வந்த இரண்டு தீம்களையும் வாய்விட்டு முணுமுணுத்துப் பாருங்கள், வேகத்தையும் வாத்தியத்தையும் மறந்துவிட்டு. விரலால் காற்றில் மேலே கீழே என்று கோடு போடுங்கள். கோடு ஒன்றாக இருந்தால் உறவு இருக்கலாம். நாடகத்திலும் அதற்குக் காரணம் தெரிந்தால் மட்டும் நோட்டில் எழுதுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், ஏனென்றால் தேடினால் எல்லாமே எல்லாவற்றுக்கும் உறவு என்று காட்டிவிடலாம். இதில் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு டெரிக் குக் என்ற ஆங்கிலேயர் ஜார்ஜ் ஷோல்டி நடத்திய முழு ‘ரிங்’ ஒலிப்பதிவிலிருந்து 193 துண்டுகளை எடுத்துத் தானே விளக்கிப் பேசிய ஒலிப்பதிவு இருக்கிறது. பொறுமையான, தெளிவான ஆசான். ஆனால் முதலில் நீங்களே ஒரு முறை கேட்டுவிட்டு அவரிடம் போங்கள்.

ஐந்தாம் படி: நாவலுக்குள் அதே காதோடு போவது

எழுத்தில் சத்தம் இல்லை. அப்படியானால் ஒரு நாவலில் மெட்டு எப்படித் திரும்பும்? நாவலாசிரியர்கள் கண்ட வழிகள் பல.

மார்செல் ப்ரூஸ்ட் ஒரு கற்பனை இசையையே எழுதிவிட்டார். 1913 முதல் 1927 வரை ஏழு பகுதிகளாக வந்த அவருடைய ‘இழந்த காலத்தைத் தேடி’ நாவலில் வான்தேய் என்ற இசையமைப்பாளரின் சோனாட்டா வருகிறது, அதில் ஒரு ‘சின்ன வரி’. ஸ்வான் என்ற நாகரிகமான மனிதன் அதை ஒரு விருந்தில் பெயர் தெரியாமல் கேட்டு மயங்கியிருக்கிறான். அடுத்த வருஷம் வெர்டூரின் வீட்டில் மறுபடியும் கேட்கிறான், பக்கத்தில் ஓடெட். அங்கிருந்து அது அவர்கள் காதலின் தேசிய கீதம் மாதிரி ஆகிவிடுகிறது. காதல் கசந்து, பொறாமையில் வெந்து, அவள் விலகிப்போன பிறகு, வேறொரு சீமாட்டியின் மாலை விருந்தில் வயலினில் திடீரென்று அந்த வரி வருகிறது. மறக்க முயன்றவை எல்லாம், அவள் கொடுத்த செவ்வந்திப் பூ, உணவகத்தின் பெயர் அச்சடித்த தாளில் அவள் எழுதிய கடிதம், எல்லாம் ஒரே நொடியில் எழுந்து நிற்கின்றன. அந்தச் சந்தோஷத்துக்கு எதிரில் ஒரு பரிதாபமான மனிதன் அசையாமல் நிற்பதை ஸ்வான் மனக்கண்ணில் பார்க்கிறான்; அது தான்தான் என்று தெரிய ஒரு கணம் ஆகிறது. ‘ட்ராவியாட்டா’வின் கடிதக் காட்சியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள், இதுவும் அதே வேலைதான்.

ப்ரூஸ்டிடம் இன்னொன்றும் பாருங்கள். இந்த இசையை எழுதிய வான்தேய், கிராமத்தில் பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒடுங்கிய கிழவர். ஸ்வானுக்கு அவரைத் தெரியும், ஆனால் அந்தக் கிழவர் இதை எழுதியிருப்பார் என்று அவனால் நம்ப முடியவில்லை, யாரோ சொந்தக்காரராக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறான். ஜீக்லிண்டேயின் கதையைப் போலவே இங்கும் பாத்திரத்தைவிட வாசகனுக்கு அதிகம் தெரியும். பல நூறு பக்கங்கள் தள்ளி, கதைசொல்லி அதே வான்தேயின் ஒரு ஸெப்டெட்டை, அதாவது ஏழு வாத்தியங்களுக்கான படைப்பை, கேட்கிறான், நடுவில் அந்தச் சின்ன வரி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. ஸ்வான் அதில் தன் காதலை மட்டுமே கேட்டான், கதைசொல்லிக்கு ஒரு கலைஞனின் முழு வாழ்க்கையே கேட்கிறது. நாவலின் ஆதாரமான கேள்விக்கு, அனுபவத்தைக் கலையாக்குவது எப்படி என்பதற்கு, இந்த வரிதான் வழிகாட்டி. ப்ரூஸ்ட் வாக்னரை நன்றாக அறிந்தவர்; 1911-இல் டெலிபோன் வழியாக ஆபெரா கேட்கும் சேவைக்குச் சந்தா கட்டி, படுக்கையிலிருந்தே கேட்டார்.

தாமஸ் மன் வழி வேறு. ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ (1947) நாவலில் ஐந்து சுரங்களை வைத்தே ஒரு வாழ்க்கையைக் கட்டுகிறார். இசையமைப்பாளன் ஏட்ரியன் சிறுவனாக இருக்கும்போது அவன் அப்பா கண்ணாடிச் சிறகுள்ள ஒரு வண்ணத்துப்பூச்சியைப் படத்தில் காட்டுகிறார், அதன் பெயர் ஹெட்டேரா எஸ்மெரால்டா. வருஷங்கள் கழித்து லைப்ஸிக்கில் ஒரு விலைமாதுவின் கை தன் கன்னத்தில் படும்போது அவளுக்கு மனதுக்குள் எஸ்மெரால்டா என்று பெயர் வைக்கிறான். பிறகு தேடிப்போய் அவளிடமிருந்து நோயையும் வாங்கிக்கொள்கிறான். அந்தப் பெயரிலிருந்து ஜெர்மன் சுரப்பெயர்களாக வரும் எழுத்துகள், ஹா, ஏ, ஆ, ஏ, எஸ், அவன் இசையில் மறைந்து மறைந்து வந்துகொண்டே இருக்கின்றன, கடைசிப் படைப்பு வரைக்கும். படிக்கும்போது ஒரு பியானோவிலோ போன் ஆப்பிலோ பி, ஈ, ஏ, ஈ, ஈ ஃப்ளாட் என்று வாசித்துப் பாருங்கள். கதைசொல்லும் நண்பர் ஸைட்ப்ளோம் சொல்லும் துயரம் காதுக்கே எட்டிவிடும்.

ஜேம்ஸ் ஜாய்ஸ் நிஜ ஆபெராவையே எடுத்துக்கொண்டார். ‘யுலிசஸ்’ (1922) முழுக்க மோட்ஸார்ட்டின் ‘டான் ஜொவானி’யிலிருந்து ஒரு டூயட் சுற்றிவருகிறது, டான் ஜொவானி ஒரு கிராமத்துப் பெண்ணைக் கைபிடித்துக் கூப்பிடும் பாட்டு. நாவலின் நாயகன் ப்ளூமின் மனைவி மாலி, பாய்லன் என்பவன் ஏற்பாடு செய்யும் கச்சேரியில் அதைப் பாடப் போகிறாள். அன்று மாலை நான்கு மணிக்குப் பாய்லன் வீட்டுக்கு வருவான், என்ன நடக்கும் என்று ப்ளூமுக்குத் தெரியும். அந்தப் பெண் பாடுவது ‘விரும்புவேன் போலவும் இருக்கிறது, விரும்பமாட்டேன் போலவும் இருக்கிறது’ என்று. ப்ளூம் அதைத் தவறாக ஞாபகம் வைத்து, ‘விரும்புகிறேன்’ என்று உறுதியாக்கிவிடுகிறான். அவன் பயம் அந்த ஒரு பிழையில் மொத்தமாக இருக்கிறது.

அதே நாவலில் ‘ஸைரன்ஸ்’ அத்தியாயம் ஆபெராவின் முன்னிசை மாதிரி, ஒன்றும் புரியாத ஏறக்குறைய அறுபது துண்டு வரிகளோடு தொடங்கும். அங்கே பயந்து புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அந்தத் துண்டுகளைப் புரிந்துகொள்ள முயல வேண்டாம், சத்தம் போட்டு வாசித்துவிட்டு மேலே போங்கள். பிறகு ஒவ்வொரு துண்டும் தன் சொந்த இடத்தில் வரும்போது முன்பே கேட்ட மெட்டாக வரும். பாய்லனின் குதிரை வண்டி மணிச்சத்தம் தெருத்தெருவாக ப்ளூமின் வீட்டை நோக்கி நகர்வதையும், பார்வையற்ற பியானோ ட்யூனரின் தடி தட்டும் ஓசை அத்தியாயத்தின் முடிவை நோக்கி நெருங்கி நெருங்கி வருவதையும் பென்சிலால் அடிக்கோடிட்டுக்கொண்டே போனால், ஹோட்டல் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் அந்த மனிதனின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்கிறது என்று தெரியும்.

அதே 1922-இல் வந்த டி. எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லாண்ட்’ கவிதையில் வாக்னரின் ‘ட்ரிஸ்டன்’ ஆபெராவிலிருந்து இரண்டு மேற்கோள்கள், நடுவில் பூந்தோட்டத்துப் பெண்ணின் சின்னக் காட்சி. முதலாவது முதல் அங்கத்து மாலுமியின் காற்று வீசும் பாட்டு, இரண்டாவது மூன்றாம் அங்கத்தில் கடல் வெறுமையாகக் கிடக்கிறது என்ற வரி. ஆபெரா தெரிந்தவருக்கு நம்பிக்கையிலிருந்து கைவிடப்பட்ட நிலை வரைக்கும் நான்கு மணி நேரம் அந்தச் சில வரிகளுக்குள் ஓடிவிடும்.

எந்த வரிசையில் போகலாம்

‘லா ட்ராவியாட்டா’, அப்புறம் ‘ஒதெல்லோ’. அதன் பிறகு ‘தாஸ் ரைன்கோல்ட்’, இடைவேளை இல்லாமல் சுமார் இரண்டரை மணி நேரம், முக்கியமான தீம்கள் பலவும் பிறக்கிற வீடு அது. பிறகு ‘டீ வால்க்யூரே’ முதல் அங்கம் மட்டும், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இதைக் கேட்டுவிட்டு ப்ரூஸ்டின் முதல் பகுதியில் ஸ்வானின் காதலைப் பற்றிய பாகத்தைப் படியுங்கள். மேடையைப் பார்த்தபடி கேட்க ஆசைப்பட்டால் 1976-இல் பைராய்ட் நூற்றாண்டுக்காக பாத்ரிஸ் ஷெரோ இயக்கி பியேர் பூலேஸ் இசை நடத்திய ‘ரிங்’ வீடியோவாக இருக்கிறது. நடிப்பு அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் எந்தத் தீம் யார் முகத்தில் வந்து விழுகிறது என்று பார்க்க முடியும்.

முழு ‘ரிங்’ வரைக்கும் போகிறவர்களுக்கு ஒன்று. ‘வால்க்யூரே’ மூன்றாம் அங்கத்தில், ஜீக்லிண்டேயின் வயிற்றில் குழந்தை இருக்கிறது என்று வோட்டானின் மகள் ப்ரூன்ஹில்டே சொன்னதும், ஜீக்லிண்டே நன்றியில் உடைந்து ஒரு மெட்டைப் பாடுவாள். அந்த இடத்தை நோட்டில் நேரத்தோடு குறித்துவையுங்கள். ‘ஜீக்ஃப்ரீட்’ முழுக்க அது வராது. நான்காவது ஆபெராவின் கடைசியில், ப்ரூன்ஹில்டே சிதையில் ஏறும்போது திரும்பி வரும், எல்லாம் எரிந்து முடிந்த பிறகு கடைசி பார்களில் வயலின்களில் அதுதான் மிஞ்சும். பலர் இதற்கு ‘காதலால் மீட்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வாக்னரோ இது ப்ரூன்ஹில்டேயின் புகழ் என்றுதான் சொன்னார். இரண்டு பெயரையும் தள்ளி வைத்துவிட்டு, வீடும் துணையும் எல்லாமும் போன ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு நன்றி சொன்ன மெட்டு என்று மட்டும் நினைத்துக்கொண்டு அந்தக் கடைசி நிமிஷங்களைக் கேளுங்கள்.